ஐந்து பேர் எழுதிய ஒரே நிரல்

உங்கள் வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அதில் வரவேண்டிய கதை ஒன்றை ஒருவன் வீட்டுக்கு எடுத்துச் சென்று திருத்துகிறான். அதே கதையை முதல் நாளே படியெடுத்துச் சென்ற ஒருத்தி, தன் வீட்டில் உட்கார்ந்து வேறு விதமாகத் திருத்துகிறாள். மறுநாள் காலையில் இரண்டு படிகளும் வகுப்புக்கு வந்து சேருகின்றன. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? இருவரின் உழைப்பும் வீணாகாமல் ஒன்று சேர்ப்பது எப்படி?

கணினிக்கு நிரல் எழுதுகிறவர்களுக்கு இதுவே அன்றாடப் பிரச்சினை. உலகில் புழங்கும் பெரிய மென்பொருள் எதையும் தனி ஒருவர் எழுதி முடிப்பதில்லை. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதுகிறார்கள். அவர்கள் ஒருவர் வேலையை ஒருவர் அழித்துவிடாமல் எப்படி எழுதுகிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அதற்கு உதவும் கருவிகளுக்குப் ‘பதிப்புக் கட்டுப்பாட்டு முறை’ என்று பெயர். பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். நான் இதைக் கற்றுக்கொடுக்கப் போய், நானே கற்றுக்கொண்ட கதையிலிருந்து தொடங்குகிறேன்.

அரளித் தோட்டத்துக் கணக்கு

சேலத்துக்குத் தெற்கே இருக்கிறது பனமரத்துப்பட்டி. ஒரு காலத்தில் சேலம் நகருக்கே குடிநீர் தந்த பெரிய ஏரி எங்கள் ஊரில்தான் உள்ளது. சுற்று வட்டாரத்தில் அரளித் தோட்டங்கள் மிகுதி. பொழுது விடியுமுன் மொட்டாகவே பறித்து, சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், விலையும் இறங்கிவிடும். பறிக்கிறவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது உண்டு.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். கோடை விடுமுறையில் ஊர் மாணவர்கள் ஐவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். மூவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பவர்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரக்கூடிய, கணினி இயக்கவும் நிரல் எழுதவும் பழக்கும் ஓராண்டுப் பிரிவு அது. இருவர் பாலிடெக்னிக் மாணவர்கள். “நிரல் எழுதக் கத்துக்கிட்டோமுங்க சார். ஆனா அஞ்சு பேரும் சேர்ந்து ஒண்ணை எழுதுனது கெடையாதுங்க” என்றார்கள். சேர்ந்து எழுதுவதற்கு ஒரு வேலை வேண்டுமே! ஊர்த் தொழிலையே எடுத்துக்கொண்டோம். யார் எத்தனை கிலோ பறித்தார்கள், கூலி எவ்வளவு, முன்பணம் போக மீதி எவ்வளவு என்று கணக்கிடும் ஒரு சிறிய நிரல். அவர்களில் ஒரு மாணவியின் தாயார் நாள்தோறும் பூப்பறிக்கப் போகிறவர். கூலிக் கணக்கு எழுதும் பகுதியை அந்தப் பெண்ணே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பென் டிரைவ் செய்த வேலை

முதல் வாரத்தில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பென் டிரைவ். எழுதியவர் அதில் ஏற்றிக் கொடுப்பார். அடுத்தவர் தம் கணினியில் இறக்கிக்கொள்வார். நான்கே நாளில் அதற்குள் ‘கணக்கு-கடைசி’, ‘கணக்கு-கடைசி-2’, ‘கணக்கு-உண்மையான-கடைசி’ என்று கோப்புகள் பெருகிவிட்டன. எது உண்மையில் கடைசி என்று எவருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் நாள், அந்த மாணவி இரண்டு இரவு விழித்து எழுதிய பகுதியின் மேல் இன்னொருவன் தன் பழைய படியை ஏற்றிவிட்டான். வேண்டுமென்று செய்ததல்ல. கோப்பின் பெயர் ஒன்றாக இருந்தது, கணினி “பழையதை மாற்றவா?” என்று கேட்டது, அவன் “ஆம்” என்று அழுத்திவிட்டான். இரண்டு இரவு வேலை ஒரு நொடியில் போயிற்று.

அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வரவும் இல்லை. மூன்றாம் நாள் வந்தபோது, “இனி என் பகுதியை என் கம்ப்யூட்டர்லயே வெச்சுக்கறேனுங்க சார், யாருக்கும் குடுக்கமாட்டேனுங்க” என்றாள். நியாயமான கோபம்தான். ஆனால் ஆளுக்கொரு பகுதியைப் பூட்டி வைத்துக்கொண்டால் ஐவர் சேர்ந்து எழுதுவது எப்படி நடக்கும்?

பூட்டும் சாவியும்

இந்த இக்கட்டு எங்களுக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த மார்க் ராச்கைண்ட் என்பவர் 1972-ஆம் ஆண்டில் ஒரு நிரலின் திருத்தங்களை வரிசையாகச் சேமித்து வைக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். வேண்டும்போது எந்தப் பழைய நிலையையும் மீட்டு எடுக்கலாம். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1982-ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் டிக்கி அதைவிட வசதியான ஒன்றை வெளியிட்டார். இவை பெரும்பாலும் பூட்டுச் சாவி முறையில் இயங்கின. நூலகத்தில் ஒரே படி உள்ள புத்தகத்தை ஒருவர் எடுத்துச் சென்றால், அவர் திருப்பித் தரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும் அல்லவா? அதுபோல ஒருவர் ஒரு கோப்பைத் திருத்துவதற்கு எடுத்தால், அவர் முடிக்கும்வரை மற்றவர் அதைத் தொட முடியாது. வேலை அழியாது, ஆனால் காத்திருத்தல் மிகுதி.

அடுத்த படி எங்கே எடுத்து வைக்கப்பட்டது தெரியுமா? ஓர் ஆசிரியரும் அவருடைய இரண்டு மாணவர்களும் இருந்த இடத்தில்! ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் டிக் கிரூன் என்ற ஆசிரியர் 1984-85-ஆம் ஆண்டுகளில் இரண்டு மாணவர்களுடன் சேர்ந்து ஒரு நிரல்மாற்றியை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் அலுவலகம் போலக் காலை முதல் மாலை வரை வேலை செய்பவர். இன்னொருவருக்கு நேரம் காலம் கிடையாது. ஆசிரியருக்கோ மாலையில்தான் ஓய்வு. மூவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தால் வேலை நகராது. ஆகவே எவரும் எப்போதும் படியெடுத்துத் திருத்தலாம், பின்னர் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம் என்ற முறையை அவர் ஏற்படுத்தினார். 1986-ஆம் ஆண்டில் அதைப் பொதுவில் வெளியிட்டார். பூட்டு திறந்தது.

பத்து நாளில் பிறந்த கருவி

இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் கருவியின் பெயர் ‘கிட்’. அது பிறந்த கதையும் சுவையானது. பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்தும் திருத்தங்கள் அவருக்குக் கடிதங்களாகவே வந்து குவிந்தன. 2002-ஆம் ஆண்டு முதல் ஒரு நிறுவனத்தின் கருவியைக் கட்டணம் இன்றிப் பயன்படுத்தி அவற்றைச் சேர்த்து வந்தார்கள். 2005-ஆம் ஆண்டில் அந்தச் சலுகை நின்றுபோயிற்று. அந்த ஏப்ரல் 3-ஆம் நாள் டோர்வால்ட்ஸ் தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7-ஆம் நாளே அந்தக் கருவியின் நிரல் அதே கருவியில் பதிவாகத் தொடங்கிவிட்டது! அதே ஆண்டு ஜூலையில் அதன் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்தார்.

அதே 2005-ஆம் ஆண்டு வாக்கில்தான் தமிழ்நாட்டில் ஸ்ரீதர் வேம்புவின் நிறுவனம் (இன்றைய ஸோஹோ), கல்லூரிப் பட்டம் இல்லாத மாணவர்களைச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்து மென்பொருள் எழுதப் பழக்கும் பள்ளியைத் தொடங்கியது. பட்டம் பெற்றவர்களுக்கே உரிய தொழில் இது என்ற எண்ணம் தகர்ந்த ஆண்டு அது எனலாம்.

கிட்டில் இன்னொரு வசதி உண்டு. குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும், வேலை தொடங்கிய நாள் முதல் உள்ள முழு வரலாறும் இருக்கும். ஒருவர் கணினி பழுதானாலும் மற்றவரிடமிருந்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். இணையம் இல்லாமலே வேலை செய்யலாம். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வேலையை அழித்த அதே பென் டிரைவையே எங்கள் பொதுக் களஞ்சியமாக்கினோம். முன்பு அது ஒருவர் படியின் மேல் இன்னொருவர் படியை ஏற்றியது. இப்போது இரண்டையும் அருகருகே வைத்துக் கணக்குப் பார்த்துச் சேர்த்தது.

நாற்பது எழுத்துக் கைரேகை

கிட்டில் ஒரு திருத்தத்தை முடித்ததும் அதைப் ‘பதிவு’ செய்ய வேண்டும். ஒவ்வொரு பதிவும், அந்த நொடியில் நிரல் முழுவதும் இருந்த நிலையைப் புகைப்படம் எடுத்தது போல வைத்துக்கொள்ளும். யார் செய்தது, எப்போது செய்தது, ஏன் செய்தது என்ற குறிப்பும் அதில் சேரும். குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம். நாங்கள் அப்படித்தான் எழுதினோம்.

இந்தப் பதிவுக்குக் கிட் ஒரு கைரேகை எடுக்கிறது. பதிவில் உள்ள எல்லா எழுத்துகளையும் ஒரு குறிப்பிட்ட கணித முறையில் கலந்து, அரைத்து, 160 இரும எண்களாகச் சுருக்குகிறது. அதைப் பதினாறின் அடிமானத்தில் எழுதினால் 40 குறிகள் கொண்ட ஒரு தொடர் வரும். நிரலில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியை மாற்றுங்கள். கைரேகை முழுவதும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். 160 இரும எண்களால் அமையக்கூடிய வெவ்வேறு கைரேகைகளின் எண்ணிக்கை, 1-க்குப் பின் 48 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணைவிடப் பெரியது. எனவே இரண்டு பதிவுகளுக்குத் தற்செயலாக ஒரே கைரேகை அமைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. எனினும் திட்டமிட்டு ஏமாற்ற முடியும் என்பதை 2017-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். அதனால் 256 இரும எண்கள் கொண்ட வலுவான முறையும் கிட்டில் இப்போது வந்துள்ளது.

இங்கே முக்கியமான செய்தி ஒன்று: ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் கைரேகையையும் தனக்குள் சேர்த்துக்கொண்டுதான் தன் கைரேகையை உண்டாக்குகிறது. சங்கிலியின் வளையங்கள் போல. நடுவில் ஒரு பழைய பதிவைத் திருத்தினால் அதன் கைரேகை மாறும். அதனால் அடுத்ததன் கைரேகை மாறும். இப்படிக் கடைசி வரை எல்லாமே மாறிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது படி

இரண்டு பேரின் திருத்தங்களை இயந்திரம் எப்படிச் சேர்க்கிறது? நான்கு வரிகள் உள்ள ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம்.

1. எடையைக் கேள்.
2. கிலோவுக்குக் கூலி 40 என்று கொள்.
3. இரண்டையும் பெருக்கு.
4. விடையைக் காட்டு.

ஒருவன் இரண்டாம் வரியை ‘கிலோவுக்குக் கூலியைக் கேள்’ என்று மாற்றுகிறான். ஒருத்தி நான்காம் வரியை ‘பெயரோடு விடையைக் காட்டு’ என்று மாற்றுகிறாள். இப்போது இருவர் படிகளையும் மட்டும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டாம் வரியும் நான்காம் வரியும் வேறுபடுகின்றன என்பது தெரியும். ஆனால் எது பழையது, எது புதியது என்று தெரியுமா? தெரியாது. எதைத் தள்ளுவது என்று இயந்திரத்தால் முடிவு செய்ய முடியாது.

இங்கேதான் மூன்றாவது படி உதவுகிறது. இருவரும் எந்த நிலையிலிருந்து பிரிந்தார்களோ அந்தப் பொது மூதாதைப் படியை வரலாற்றிலிருந்து எடுத்து நடுவில் வைக்கிறது கிட். மூதாதையோடு ஒப்பிட்டால், இரண்டாம் வரியை மாற்றியவன் அவன் மட்டுமே, நான்காம் வரியை மாற்றியவள் அவள் மட்டுமே என்பது உடனே விளங்கும். இரண்டு மாற்றங்களையும் ஏற்றுக்கொள்ளலாம். இதற்கு ‘மும்முனை இணைப்பு’ என்று பெயர் வைக்கலாம்.

இருவரும் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றியிருந்தால்? அப்போது கிட் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. இருவர் எழுதியதையும் கோப்பில் மேலும் கீழுமாகக் குறியிட்டு வைத்துவிட்டு நின்றுவிடும். இதை ‘முரண்’ என்கிறார்கள். முதன்முதல் முரண் வந்தபோது எங்கள் மாணவர்கள் பதறிப்போனார்கள், ஏதோ கெட்டுவிட்டது என்று. ஒன்றும் கெடவில்லை. “இதற்கு மேல் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்” என்று கருவி சொல்கிறது, அவ்வளவுதான்.

முரண் இல்லாமல் சேர்ந்துவிட்டாலே நிரல் சரியாகிவிட்டது என்றும் எண்ணக்கூடாது. ஒருவன் முதல் வரியில் எடையைக் கிராமில் கேட்கும்படி மாற்றுகிறான். மற்றவள் அதே சமயத்தில் எடை கிலோவில் இருப்பதாக நினைத்து ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கிறாள். வரிகள் வேறு, எனவே முரண் வராது. விடை மட்டும் ஆயிரம் மடங்கு தவறும். அலகுக் குழப்பம் இயற்பியலில் எவ்வளவு பெரிய கேடு செய்யும் என்பதற்கு 1999-ஆம் ஆண்டு செப்டம்பரில் செவ்வாய்க் கோளை அடைந்தபோது அழிந்த அமெரிக்க விண்கலமே சான்று. ஒரு பக்கத்தார் பவுண்டு அலகில் கொடுத்த எண்களை, மறுபக்கத்தார் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டதால் நேர்ந்தது அது. கருவி வரிகளைத்தான் ஒப்பிடும். பொருளை மனிதர்தாம் ஒப்பிட வேண்டும். ஆகவே ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பது என்று விதி செய்துகொண்டோம்.

அம்மாவின் மனக்கணக்கு

ஒரு மாதம் ஓடியது. நிரல் வளர்ந்தது. சோதனைக்காக அந்த மாணவி, தன் தாயார் நோட்டில் குறித்து வைத்திருந்த எடைகளைக் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தாள். மறுநாள் காலை தயங்கித் தயங்கி வந்தாள்.

“சார், ஆறே முக்கால் கிலோவுக்கு அம்மா இருநூத்தி எழுவதுங்குதுங்க. கம்ப்யூட்டர் இருநூத்தி நாப்பதுங்குதுங்க.”

கணக்குக்காகக் கிலோவுக்கு 40 ரூபாய் என்று வைத்திருந்தோம். 6.750-ஐ 40-ஆல் பெருக்கினால் 270. பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாவின் மனக்கணக்கு சரி. எங்கள் நிரல் தவறு. “கூலிக் கணக்கு எழுதுனது நீதான?” என்று ஒருவன் உடனே கேட்டுவிட்டான். அவள் முகம் வாடிவிட்டது. நானும்கூட அவள் பகுதியில்தான் பிழை இருக்கும் என்றே நினைத்தேன். அதை வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். இந்த நிரல் கிராம்களை விழுங்கிவிடுகிறது. 6.750 கிலோவை 6 என்றே எடுத்துக்கொள்கிறது. இயற்பியல் சோதனைகளில் பிழை இரண்டு வகை என்று படித்திருப்பீர்கள். தற்செயல் பிழை ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்ளும். முறைசார்ந்த பிழை அப்படியன்று. எப்போதும் ஒரே பக்கம் சாயும். கிராம்களை வெட்டுவது இரண்டாம் வகை. ஒருநாளும் பறித்தவருக்கு ஒரு காசு கூடுதலாகத் தராது, குறைக்கவே செய்யும். நாளுக்குச் சராசரியாக அரைக் கிலோ வெட்டுப்பட்டால் 20 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலைக்கு 500 ரூபாய். பூப்பறிக்கும் ஒரு குடும்பத்துக்கு அது சிறிய தொகை அன்று. நல்லவேளையாக நிரல் இன்னும் எந்தத் தோட்டத்துக்கும் போகவில்லை.

ஆறே சோதனைகள்

அவள் முதன்முதலில் எழுதிய பதிவை எடுத்து அதே எடையைக் கொடுத்துப் பார்த்தோம். 270 என்று சரியாக வந்தது! அப்படியானால் அதற்குப் பிறகு எவரோ செய்த திருத்தத்தில்தான் பிழை புகுந்திருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த பதிவுகள் 53. ஒவ்வொன்றாகச் சோதிப்பதா?

தேவையில்லை. அகராதியில் சொல் தேடும்போது முதல் பக்கத்திலிருந்தா புரட்டுகிறீர்கள்? நடுவில் திறந்து, முன்னால் போவதா பின்னால் போவதா என்று பார்ப்பீர்கள். இதே முறையில் தேட கிட்டில் ‘பைசெக்ட்’, அதாவது ‘இருசமமாக வெட்டு’ என்ற கட்டளை உண்டு. நடுப் பதிவான 27-ஐச் சோதித்தோம்: 240, தவறு. ஆகவே பிழை 1 முதல் 27-க்குள். அடுத்து 14: சரி. ஆகவே 15 முதல் 27-க்குள். அடுத்து 21: தவறு. 18: சரி. 20: தவறு. 19: தவறு. முடிந்தது! 18 வரை சரியாக இருந்த நிரல் 19-ஆம் பதிவில் கெட்டிருக்கிறது. ஆறே சோதனைகள்.

இதில் உள்ள கணிதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு சோதனையும் ஐயத்தைப் பாதியாக்குகிறது. ஆறு முறை பாதியாக்கினால் 64 பதிவுகள் வரை தேடிவிடலாம். பத்து முறையில் 1024. இருபது முறையில் பத்து லட்சத்துக்கும் மேல்! பதிவுகளை ஒழுங்காக எழுதி வைத்தவர்களுக்குக் கிடைக்கும் பரிசு இது. ஒரு வார வேலையை ஒரே பதிவாகக் கொட்டி வைத்திருந்தால், பதிவு அகப்படும், பிழை அகப்படாது.

பத்தொன்பதாம் பதிவைத் திறந்தார்கள். திறந்தவன் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தான்.

“சார்... இது உங்க பேர்ல இருக்குதுங்க.”

ஆம், நான்தான். ஒருநாள் எடை எழுதாத ஓர் இடத்தில் நிரல் நின்றுபோனது. அவசரத்தில் நானே உட்கார்ந்து சரிசெய்தேன். அப்போது எடையை எண்ணாக மாற்றும் வரியில், பின்னத்தை விட்டுவிட்டு முழு எண்ணாக மாற்றும் சொல்லைப் போட்டுவிட்டேன். எங்கள் சோதனை எடைகள் எல்லாம் 5, 8, 10 என்று முழுக் கிலோக்களாகவே இருந்ததால் எவருக்கும் புலப்படவில்லை. குறிப்பில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? ‘சிறு திருத்தம்’. என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று தெளிவாக எழுத வேண்டும் என அவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்! இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்ற விதியையும் நான் மதிக்கவில்லை. ஆசிரியர் எழுதியதை யார் சோதிப்பது என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

பெயரை அழிக்கலாமா?

ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளைக்குக் கிட்டில் ‘பழி சுமத்து’ என்ற பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். ‘குறிப்புரை எழுது’ என்ற பொருளில் மாற்றுப் பெயரும் உண்டு. எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது. ஏனென்றால் அன்று பழி தீர்ந்தது ஒருத்திக்கு. வரலாறு இல்லாமல் இருந்திருந்தால், கூலிக் கணக்கு எழுதியவள்தான் தவறியவள் என்று ஐவரும் நானும் சேர்ந்து முடிவு கட்டியிருப்போம்.

ஒரு மாணவன் மெல்லச் சொன்னான்: “அந்தப் பதிவை அழிச்சிரலாங்களா சார்? உங்க பேர் எதுக்குங்க அதுல?” என் மேல் உள்ள மரியாதையில் சொன்னது. நான் கைரேகைச் சங்கிலியை நினைவூட்டினேன். 19-ஐ அழித்தால் 20-இன் கைரேகை மாறும். 53 வரை எல்லாமே மாறும். ஐவர் கணினியிலும் உள்ள வரலாறு ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். கணக்கேட்டில் தவறிய தொகையைச் சுரண்டி அழிப்பதில்லை அல்லவா? ஒரு கோடிட்டு, கீழே சரியானதை எழுதிக் கையெழுத்திடுவோம். அப்படியே இங்கும் பிழையும் இருக்கும், திருத்தமும் இருக்கும்.

திருத்தத்தை அந்த மாணவியே எழுதினாள். அதற்கெனத் தனிக் கிளை ஒன்றைப் பிரித்துக்கொண்டாள். பின்னம் வரும்படி மாற்றினால் போதும் என்று நான் நினைத்தேன். அவள் அதைவிட நன்றாகச் செய்தாள். எடை முழுவதையும் கிராமாகவே முழு எண்ணில் வைத்து, கடைசியில் மட்டும் ஆயிரத்தால் வகுத்தாள். கணினியின் இரும எண்முறையில் 0.1 போன்ற பின்னங்களைத் துல்லியமாக எழுத முடியாது. முழு எண்ணில் அந்தத் தொல்லை இல்லை. ‘6750 கிராம், கிலோவுக்கு 40 என்றால் விடை 270 வரவேண்டும்’ என்ற சோதனையையும் நிரலோடு சேர்த்துவிட்டாள். இனி எவர் எதைத் திருத்தினாலும் இந்தச் சோதனை முதலில் ஓடும். அவள் எழுதிய குறிப்பு: ‘கிராமை விடாமல் கூலி கணக்கிடும்படி மாற்றியது, பதிவு 19-இல் விடுபட்டது.’ படித்து ஒப்புதல் தந்தவன், முன்பு அவளுடைய இரண்டு இரவு வேலையைப் பென் டிரைவில் அழித்த அதே மாணவன்.

நீங்களும் செய்து பாருங்கள்

இந்த முறையைக் காண உங்களுக்குக் கணினி நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. எல்லாம் பலர் சேர்ந்து எழுதியவை. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மேலே வரலாற்றைக் காட்டும் பகுதி ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பாருங்கள். முதல் வரி எழுதப்பட்ட நாள் முதல் நேற்று வரை நடந்த திருத்தங்கள் யாவும் வரிசையாக நிற்கும். எவையேனும் இரண்டைத் தேர்ந்து ஒப்பிட்டால், சேர்ந்ததும் நீங்கியதும் வண்ணத்தில் தெரியும்.

கணினியே இல்லை என்றாலும் கவலையில்லை. நான்கு நண்பர்கள் சேருங்கள். பத்து வரியில் உங்கள் ஊரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி, ஆளுக்கொரு படி எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் படியைத் தொடாமல் தனியே வையுங்கள், அதுதான் மூதாதை. ஒருவர் படியை ஒருவர் பார்க்காமல், ஒவ்வொருவரும் தம் படியில் இரண்டு வரிகளை மட்டும் மாற்றி, ஏன் மாற்றினோம் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு மூதாதையை நடுவில் வைத்து நான்கையும் சேருங்கள். எங்கே தானாகச் சேர்கிறது, எங்கே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது என்பதை நீங்களே காண்பீர்கள்.

இன்னொரு கணக்கும் தருகிறேன். உங்கள் நண்பன் 1 முதல் 1000-க்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளட்டும். “அது இதைவிடப் பெரியதா?” என்று மட்டுமே நீங்கள் கேட்கலாம். பத்துக் கேள்விக்குள் எண்ணைக் கண்டுபிடித்துவிட முடியும். எப்படி என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் திண்ணைக் களஞ்சியத்தில் பத்தொன்பதாம் பதிவு இன்றும் அப்படியே இருக்கிறது, என் பெயரோடும் ‘சிறு திருத்தம்’ என்ற குறிப்போடும். புதிதாக வருகிற மாணவர்களுக்கு முதல் பாடமாக அதைத்தான் திறந்து காட்டுகிறேன்.